படிவம் அ

ஆணும் பெண்ணும் சமம் என்று எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது. அதுவரை "தாய் விசாரணைப் படிவம்", "தந்தை விசாரணைப் படிவம்" என்று இரண்டு வைத்திருந்தோம். பெற்றோர் பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்று நீதிமன்றம் வந்தால், இருவரையும் போய்ப் பார்த்து, அந்தப் படிவங்களை நிரப்பி, நீதிபதிக்கு அறிக்கை கொடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். சுற்றறிக்கைக்குப் பிறகு அவை "படிவம் அ", "படிவம் ஆ" ஆகிவிட்டன. கேள்விகளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. தலைப்பை மட்டும் குளிப்பாட்டிப் பவுடர் பூசி அனுப்பியிருந்தார்கள்.

அ-வில் நாற்பத்தொரு கேள்விகள், மூன்று பக்கம். ஆ-வில் ஒன்பது கேள்விகள், ஒரே பக்கம், அதிலும் பாதி வெள்ளைத்தாள். எது யாருக்கு என்று குழம்பாமலிருக்க எங்களுக்குள் ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டோம். அ அம்மாவுக்கு, ஆ ஆம்பளைக்கு. இதைவிடச் சுலபமாக ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குப் பெருமை வேறு. அப்பாவுக்கும் முதல் எழுத்து அதுதான் என்பது உறைக்கவேயில்லை.

கொசுவின் வழக்கில்தான் அது உறைத்தது.

கொசுவுக்கு ஏழு வயது. யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் காதருகே ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள் என்பதால் வீட்டில் வைத்த பெயர். அம்மாவும் அப்பாவும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மாவோடு வசிக்கிறாள், சனி ஞாயிறு அப்பா வீட்டில். இப்போது அப்பா, பிள்ளை முழுக்கவும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். அவர் வங்கி மேலாளர். சொந்த வீடு, கூடவே கல்யாணமாகாத அக்கா. அம்மாவோ கட்டடம் கட்டும் இடத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறவர். "குழந்தைக்குத் தாய் தேவை, இந்தத் தாயோ நாள் முழுவதும் ஆகாயத்தில் இருக்கிறார்" என்று மேலாளரின் வக்கீல் மனுவில் எழுதியிருந்தார். ஒளிப்பானேன், படித்தபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பிள்ளையிடம் முதலில் தனியாகப் பேசுவது என் வழக்கம். நீதிமன்றத்தில் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய அறையில், கால் எட்டாத நாற்காலியில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்க வேலை செய்றாங்க?" என்றேன்.

"மேல."

"அப்பா?"

"உள்ள," என்றாள். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு பேரும் நல்லவங்க. நீங்க திட்டாதீங்க," என்றும் சொன்னாள்.

திட்ட மாட்டேன் என்றேன். பத்து நாளில் அறிக்கை போக வேண்டும். நீதிபதி பெரும்பாலும் என் அறிக்கையை ஒட்டித்தான் முடிவு செய்வார். அதாவது இந்தக் கால் எட்டாத பிள்ளை எந்த வீட்டில் வளரும் என்பது என் பேனாவில் இருந்தது.

படிவங்களில் வழக்கு எண்ணும் பெற்றோர் பெயரும் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சாகி, மேலதிகாரி முத்திரையோடு வரும். அச்சடிக்கும் பெண் வேலைக்குப் புதிது. அன்று போனில், "அ அப்பாவுக்குத்தானே மேடம்?" என்று கேட்டாள். நான் வாகன நெரிசலில், முன்னால் போனவனை மனதுக்குள் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். "ஆமா, ஆமா," என்று வைத்துவிட்டேன். உறையைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மேலாளர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தாளை எடுத்தபோதுதான் எனக்கு முழி பிதுங்கியது. மேலே மேலாளரின் பெயர். கீழே முதல் கேள்வி: "குழந்தை காலையில் எத்தனை மணிக்கு எழும்?" ஆம்பளையின் பெயரில் அம்மாவின் மூன்று பக்கம். திரும்பிப் போய் மறுபடி அச்சடித்து, முத்திரை வாங்கி வர நாலு நாளாகும். மேலதிகாரி என்னை உரித்துத் தொங்கவிடுவார். வந்தது வந்தாயிற்று, கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். பிடிவாதம் எனக்குக் கூடப் பிறந்தது.

"குழந்தை காலைல எத்தனை மணிக்கு எழுந்திருக்கும் சார்?"

"ஏழு... ஏழரை?" என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"ஆறே முக்கால்," என்றார் அக்கா, துணி மடித்துக்கொண்டே.

"எந்த மருந்து ஒத்துக்காது?"

அக்கா சொன்னார். எழுதினேன்.

"பள்ளிக்கூடத்துல நெருங்கின சிநேகிதி யாரு?"

அதையும் அக்காதான் சொன்னார்.

"குழந்தைக்கு எதுக்குப் பயம்?"

இந்தத் தடவை மேலாளர் முந்திக்கொண்டார். "என் பொண்ணுக்குப் பயமா? அவளுக்குப் பயமே கிடையாது மேடம்."

"பலூன்," என்றார் அக்கா. "எங்க வெடிச்சுடுமோன்னு நடுங்குவா."

"பலூனா?" மேலாளர் திரும்பினார். "போன பிறந்தநாளுக்கு நூறு பலூன் கட்டினேனே அக்கா."

"அன்னைக்கு முழுக்க என் முதுகுக்குப் பின்னாடியேதானே நின்னா."

அவர் முகம் சிறுத்துப்போனது. நான் தாளைப் பார்த்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பிறர் பொறுப்பில் விடுகிறீர்களா?

"வேலைக்குப் போகாம எப்படி மேடம் இருக்க முடியும்?"

"அதுக்குக் கட்டம் இல்ல சார். ஆமாவா, இல்லையா?"

"...ஆமா."

"உங்க வீட்டுக்கு வெளியாட்கள் வந்துபோறாங்களா?"

"என்ன கேள்வி இது?" என்று எழுந்தேவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"கேள்வித்தாள்ல இருக்கு சார். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

அந்த 'எல்லாரும்' யார் என்று சொல்லும்போதே என் நாக்கு தடுக்கியது. பத்தொன்பது வருடமாக அதைப் பெண்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறேன். ஒருத்திகூட எழுந்து நின்றதில்லை. தலையைக் குனிந்துகொண்டு "இல்லைங்க" என்பார்கள், நான் கட்டத்தில் கோடு போடுவேன். கேள்வி அவமானமானது என்பது ஒரு ஆண் கோபித்துக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

வாசல்வரை வந்த அக்கா, குரலைத் தாழ்த்தி, "பாதிக்கு மேல நான்தான் பதில் சொன்னேன். எம்பேரு அந்தத் தாள்ல எங்கயாவது வருமா மேடம்?" என்று கேட்டார். வராது என்றேன். "நினைச்சேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மீதி இருந்தது அம்மாவின் பெயர் அச்சான ஒற்றைத் தாள். அதன் ஐந்தாம் கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில், "பணியிடத்தை நேரில் கண்டு குறிப்பு எழுதவும்" என்று இருக்கும். அப்பாக்களின் அலுவலகங்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். குளிரூட்டிய அறை, சுழல் நாற்காலி, எனக்கு ஒரு காபி. ஓர் அம்மாவின் வேலையிடத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. அம்மாக்களின் சமையலறையைப் பார்த்தால் போதும் என்றுதான் இத்தனை நாள் எங்கள் துறை நினைத்துக்கொண்டிருந்தது, நானும்தான்.

இருபத்திரண்டு மாடி மருத்துவமனை ஒன்று எழுந்துகொண்டிருந்தது. மேஸ்திரி என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். அது மூக்குக்கண்ணாடிவரை இறங்கியது.

"மேலக்காவைப் பாக்கவா வந்தீங்க?" என்றார்.

"அப்படியா கூப்பிடுவீங்க?"

"வேற எப்படிக் கூப்பிடறது? அங்க பாருங்க."

அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது, இன்னும் அண்ணாந்தேன். கட்டடத்துக்கும் மேலே, மஞ்சள் கம்பிக் கோபுரத்தின் உச்சியில், தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடிக் கூண்டு தெரிந்தது. அதற்குள் ஓர் ஆள் இருக்கிறார், அவர் ஒரு பிள்ளைக்குத் தலைவாரிவிட்டு வந்திருக்கிறார் என்பதை என் மூளை ஏற்றுக்கொள்ளவில்லை.

"ஏறுறதுக்கு லிஃப்ட் இருக்கா?"

"கட்டடத்துக்கு இருக்கு. அவங்களுக்கு ஏணிதான். இருபது நிமிஷம் ஏறணும்."

குறிப்பு எழுத வேண்டுமே என்று நானும் கால்வைத்தேன். ஏழாவது படியில் என் முழங்கால் என்னிடம் விடைபெற்றுக்கொண்டது. மேஸ்திரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கைகொடுத்து இறக்கினார்.

அவருடைய வாக்கி-டாக்கியை என் காதருகே பிடித்தார். "கேளுங்க. இப்ப தூக்கப்போற சுவரு மூணு டன். அந்தாண்டப் பக்கம் இறக்கணும். அவங்க உக்காந்திருக்கிற இடத்துலேர்ந்து அந்தப் பக்கம் தெரியாது."

"தெரியாதா? பின்ன எப்படி?"

"சொல்லக் கேட்டுத்தான்."

எங்கள் எதிரில் கிடந்த கான்கிரீட் சுவர், யாரோ கூப்பிட்டதுபோல எழுந்தது. ஆடவில்லை, அசையவில்லை. கட்டடத்தின் தலைக்கு மேல் போய், மறுபக்கம் மறைந்தது. நாங்கள் சுற்றிக்கொண்டு அங்கே ஓடினோம். தரையிலிருந்து நாலு இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. சுவரின் அடியில் இருக்கும் நாலு ஓட்டைகளுக்குள் அவை ஒரே சமயத்தில் நுழைய வேண்டும். இரண்டு பேர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றார்கள், கம்பிக்கு அரையடி தள்ளி அவர்களுடைய பாதங்கள். சைகைக்காரர் ஒருவர் வாக்கி-டாக்கியில் பேசினார்.

"வலது. வலது. நில்லு. இறக்கு. ஒரு கை. அரைக் கை."

"இறக்கறேன்," என்றது ஒரு பெண் குரல். அவசரமேயில்லாத குரல்.

"நாலு விரல். ரெண்டு விரல். ஒரு நூல் இடது."

நூல் என்பது கட்டட வேலையில் நகக்கண் அகலம். மூன்று டன் சுவர், அவ்வளவு உயரத்திலிருந்து, கண்ணால் பார்க்காத ஒருவர் கையில், நகக்கண் அகலம் இடதுபக்கம் நகர்ந்தது. நான் பார்த்தேன். நாலு கம்பிகளும் ஓட்டைக்குள் போயின.

"உக்காந்துடுச்சு மேலக்கா."

"சரி," என்றது குரல்.

அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உலகத்தில் இப்படியெல்லாம் நடக்கிறது, இதைச் செய்கிறவரைப் பற்றி "வீட்டில் இருப்பதில்லை" என்று எழுத இருந்தேனே.

படிவத்தை எடுத்து மேஸ்திரியிடம் ஆறாம் கேள்வியைக் கேட்டேன். "இவருக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

மேஸ்திரி அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கீழயா? எங்க எல்லாருமே அவங்களுக்குக் கீழதான் மேடம். நூத்திமுப்பது பேர்."

அதை அப்படியே எழுதினேன்.

அடுத்த சுவருக்குச் சங்கிலி மாட்டும்போது குரல் மறுபடி வந்தது. "காத்து வேகம் நாப்பது கிலோமீட்டரைத் தொடுது. நிறுத்தறேன். கொக்கியைக் காலியாக்குங்க."

வெள்ளைச் சட்டை போட்ட பொறியாளர் ஓடிவந்து வாக்கி-டாக்கியைப் பிடுங்கினார். பின்னால் முதலாளிகள் நாலு பேர் நின்றார்கள். "இன்னும் ரெண்டுதாம்மா பாக்கி. பெரியவங்க வந்து நிக்கறாங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

"காத்துகிட்ட சொல்லுங்க சார்."

"நான் சொல்றேன்ல? தூக்கு!"

"நான் இறங்கறேன். நீங்க ஏறி ஓட்டிக்கோங்க."

கொக்கி காலியாக மேலே போனது. நூற்றிமுப்பது பேரும் கையிலிருந்ததை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். உண்மையைச் சொன்னால், காற்று அதற்குமேல் பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை. ஆனாலும் ஒரு ஆள்கூட முணுமுணுக்கவில்லை. அந்தப் பெரியவர்களும் வண்டியேறிப் போனார்கள்.

மேலக்கா இறங்கி வந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆள் என் தோள்வரைதான் இருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். நான் கேட்டேன், அவர் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னார். எத்தனை வருட அனுபவம், அடுத்து என்ன திட்டம், பொறுப்புகள் என்னென்ன. நாலாவது கேள்வியில் கையை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"என்ன மேடம், என் வேலையைப் பத்தியே கேக்கறீங்க? இதுவரைக்கும் என்கிட்ட பேசின வக்கீலுங்க எல்லாம், இந்த வேலையால புள்ளைக்கு என்ன குறைன்னுதான் கேட்டிருக்காங்க."

"தாள் மாறிப்போச்சு," என்று உண்மையைச் சொன்னேன்.

ஒன்பதும் முடிந்தபிறகு, படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "மேல இருக்கும்போது கொசு ஞாபகம் வருமா?"

"வராது," என்றார் உடனே. "வரக் கூடாது. கீழ நிக்கற ஒவ்வொருத்தரும் யாரோ ஒருத்தரோட கொசுதானே."

வழக்கமாக அம்மாக்கள் என்னிடம் "எந்நேரமும் பிள்ளை நினைப்புத்தான்" என்பார்கள், நானும் அதற்கு நல்ல மதிப்பெண் போடுவேன். இவர் அதைச் சொல்லவில்லை. சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன்.

விசாரணை நாளில் நீதிபதியின் தனியறையில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். நீதிபதி, இரண்டு வக்கீல்கள், அம்மா, அப்பா, நான். கொசு வெளியே அத்தையோடு இருந்தாள், முனகல் மட்டும் கதவிடுக்கில் வந்துகொண்டிருந்தது. மேலாளரின் வக்கீல் என் அறிக்கையைப் புரட்டிய வேகத்திலேயே வம்பு வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, படிவங்களை மாத்திக் கேட்டிருக்காங்க. இந்த அறிக்கையே செல்லாது."

நீதிபதி என்னைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"அ அம்மாவுக்குங்க ஐயா. அப்பாவுக்குன்னு அச்சாயிடுச்சு. தப்பு என்னோடது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "சரி. ரெண்டு பேரும் இங்கயே இருக்காங்க. முறைப்படி நானே கேட்டுடறேன்."

அம்மாவிடம் நாற்பத்தொரு கேள்விகளையும் கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வெளியாட்கள் கேள்விக்கு, "தினமும் வருவாங்க ஐயா. கீழ் வீட்டுத் தையல்காரம்மாதான் கொசுவைப் பள்ளிக்கூடத்துல விடறாங்க," என்றார். குரல் வாக்கி-டாக்கியில் கேட்ட அதே குரல்தான்.

முடிந்ததும் வக்கீல் எழுந்தார். "ஐயா, ஒரே ஒரு வரி. அறிக்கையிலயே இருக்கு. வேலை நேரத்துல குழந்தை ஞாபகம் வருமான்னு கேட்டதுக்கு, 'வராது, வரக் கூடாது'ன்னு இந்தம்மாவே சொல்லியிருக்காங்க. ஒரு தாய் பேசற பேச்சா இது?"

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. "அடுத்த வரியையும் படிங்க சார்!" என்று கத்திவிட்டேன். நீதிபதி என்னை முறைத்தார். அப்புறம் தானே அந்த வரியைப் படித்தார், மெதுவாக, இரண்டு தடவை. பேனாவை மூடிவைத்தார், திறந்தார். எந்தப் பக்கம் சாய்கிறார் என்று என்னால் கணிக்க முடியவில்லை. அம்மாவின் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தன.

"அடுத்து நீங்க," என்று மேலாளரைப் பார்த்தார்.

ஆ-வின் ஒன்பது கேள்விகள். என்ன வேலை, எத்தனை வருடம், கீழே எத்தனை பேர், மேலதிகாரிகளின் அபிப்பிராயம், சொந்த வீடா, வாகனம் உண்டா. மேலாளர் நின்றபடியே கணீரென்று சொன்னார். எல்லாம் ஒன்றாம் தரம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"அவ்வளவுதான். உக்காருங்க," என்றார் நீதிபதி.

மேலாளர் உட்காரவில்லை. "முடிஞ்சுதா ஐயா?"

"முடிஞ்சுது."

"இதுல என் பொண்ணைப் பத்தி ஒரு கேள்விகூட இல்லையே."

வக்கீல் அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். "சார், உக்காருங்க. நமக்குச் சாதகமாத்தான் போயிட்டிருக்கு."

"அதான் கேக்கறேன். சொந்த வீடும் காரும் இருக்குன்னா, அவளுக்கு எதுக்குப் பயம்னுகூடத் தெரியாத ஆளுகிட்ட அவளைக் கொடுத்துடுவீங்களா?" அவர் குரல் உடைந்தது. "அப்பான்னா இவ்வளவுதானா ஐயா?"

பத்தொன்பது வருடத்தில் எத்தனை நூறு ஆ-க்களை நிரப்பியிருப்பேன். அந்தத் தாளில் பிள்ளையே இல்லை என்பது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஜெயிக்கப்போகிற மனிதர், ஜெயிக்கிற நிமிடத்தில், அதைப் பார்த்துவிட்டார். மேலக்கா தலையைத் திருப்பி, அன்றைக்கு முதல் தடவையாக, தன் பழைய புருஷனை நேராகப் பார்த்தார்.

"உங்க மனுவை என்ன செய்யறது?" என்று கேட்டார் நீதிபதி.

"வாபஸ் வாங்கிக்கறேன். கொசு அவங்க அம்மாகிட்டயே இருக்கட்டும்." கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஆனா அந்த நாப்பத்தோரு கேள்வியையும் வருஷா வருஷம் என்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க. அக்கா பக்கத்துல இல்லாதப்போ."

நீதிபதி அதையும் உத்தரவில் எழுதினார்.